எங்கள் தெருக் குழாயும் மாதர் சங்கமும்

மாதர் சங்கம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? கோலப் போட்டி, திருவிளக்கு பூஜை, ஊறுகாய் போடும் விதம், ஆண்டு விழாவில் நாற்காலியைச் சுற்றி ஓடுவது. எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. நாற்காலிப் போட்டியில் இரண்டு முறை எவர்சில்வர் டப்பா வாங்கியவள் நான் என்பதையும் இங்கேயே சொல்லி விடுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேச மாட்டார். இதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பொறுங்கள்.

பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு ஓட்டுக் கட்டடம். நெற்றியில் 'மாதர் சங்கம்' என்று சிமெண்டிலேயே எழுதியிருக்கும். என் மாமியார் காலத்தில் கிராம சேவிகா வந்து தையலும், சத்துணவு சமைப்பதும் சொல்லிக் கொடுத்தாராம். இரண்டு தையல் மிஷின், ஒரு ரேடியோ. மத்தியானம் வேலை ஓய்ந்தால் எல்லோரும் அங்கேதான் என்பார் மாமியார். நான் 1999-ல் கல்யாணமாகி வந்தபோது அதில் கோயில் ஏணியும் சீரியல் பல்பும்தான் குடியிருந்தன. பொங்கலுக்கு ஒரு தடவை திறந்து கோலப் போட்டி நடத்துவோம். அவ்வளவுதான்.

2021-ல் டீச்சர் ஊருக்குத் திரும்பி வந்தார். திருச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த மாதமே ஏணியை வெளியே எடுக்கச் சொல்லி, கட்டடத்தைக் கழுவி, பாய் விரித்து விட்டார். மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மூன்று மணி. "வாங்க, பேசலாம்" என்றார்.

"என்ன பேசுறது டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஊரைப் பத்தி."

சிரித்துக்கொண்டேன். ஊரைப் பற்றிப் பேச எங்களுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதுமா? தினமும் குழாயடியில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்!

முதல் கூட்டத்தில் அவர் ஒரு கதை சொன்னார். 1917-ல் சென்னை அடையாறில் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலானவர்கள் சேர்ந்து இந்திய மாதர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்களாம். அதே வருஷம் டிசம்பரில் மாண்டேகு துரை சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் கூட்டமாகப் போய் எங்களுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 1921-ல் சென்னை மாகாண சட்டசபை பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. அதுவும் சொத்துள்ள சிலருக்கு மட்டும். 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சபைக்குள் உறுப்பினராகப் போய் உட்கார்ந்து, துணைத் தலைவராகவும் ஆனார். "இதெல்லாம் அஞ்சாறு பொம்பளைங்க ஒரு ஹால்ல உக்காந்து பேசினதுல ஆரம்பிச்சது" என்றார் டீச்சர். அன்றைக்கு எனக்கு அது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். பாடம் என்றால் இன்னும் கொட்டாவி வரும்.

ஆனால் இரண்டாவது கூட்டத்தில் அவர் கொண்டுவந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒரு தடவை பேசினால் ஒரு கொட்டையை நடுவில் இருக்கும் தட்டில் போட்டுவிட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைக் கேட்க வேண்டும். கொட்டையை வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகக் கூடாது. பேசாதவர்கள் பேசியாக வேண்டும். முதல் நாள் என் மூன்று கொட்டையும் பத்து நிமிஷத்தில் தட்டில்! மீதி ஒரு மணி நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான், எட்டு வருஷமாக எதிர் வீட்டில் இருக்கும் பெரியம்மாவின் குரலை முழுசாகக் கேட்டேன் என்றால் நம்புவீர்களா? தெருக்கோடியில் விளக்கு இல்லை, இருட்டில் கொல்லைக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றார். அவர் வீட்டில் கழிவறை இல்லை என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2022 ஜூன் கடைசியில் என் சின்னவளுக்குக் காய்ச்சல். அப்போது அவளுக்கு 11 வயசு. சோறு என்றாலே ஓங்கரிக்கிறாள். நாலாம் நாள் கண் மஞ்சள். மூத்திரம் கடலை எண்ணெய் நிறம். வழக்கம்போல் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தேன். மந்திரித்தும் விட்டோம். கூடவே கும்பகோணத்துக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம், அந்தவரை புத்தி இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்து, 'ஏ' வகை மஞ்சள் காமாலை என்றார் டாக்டர். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஓய்வு, கொதித்து ஆறிய தண்ணீர், எண்ணெய் குறைந்த சாப்பாடு, பாரசிடமால் கூட என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, வாந்தி நிற்காவிட்டாலோ, குழந்தை மயங்கிப் பிதற்றினாலோ உடனே கொண்டுவர வேண்டும் என்றார். தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது, கிருமி உள்ளே போய் இரண்டிலிருந்து ஏழு வாரம் கழித்துத்தான் தெரியும் என்றும் சொன்னார். நான் பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூலைக் கூட்டத்துக்குப் போனபோது டீச்சர், "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். உடனே கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, "எங்க பையனுக்கும் அதேதான் அக்கா, அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில இருந்தான்" என்றாள். மாமியார் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாராம். இன்னொருத்தி, பேரன் விடுமுறைக்கு வந்தவன் மஞ்சளோடு திரும்பிப் போனான் என்றாள். சம்பந்தி வீட்டில் கெட்ட பேர் என்று அவளும் மூடி வைத்திருந்தாள். ஒருத்தி கண் பட்டது என்று நினைத்திருந்தாள், ஒருத்தி வெயில் சூடு என்று. கொட்டைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. டீச்சர் ஒரு நோட்டில் வீடுகளைப் படமாகப் போட்டு, சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்.

ஏழு புள்ளி. ஏழும் எங்கள் ஒரே தெருவில். ஆறு வாரத்துக்குள்.

ஏழு வீடும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, தினம் ஒரே பஸ் ஏறி, ஒரே கடையில் காய் வாங்கிக்கொண்டு, ஏழு தனித்தனி வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு முதுகு சில்லிட்டது. பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் ஒரு ஆள் வேண்டும்.

ஆள் கிடைத்தான். எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, டேங்க் கழுவுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது எல்லாம் அவன் வேலை. என் வீட்டுக்காரருக்குப் பங்காளி வகையில் தம்பி. என்னை அண்ணி என்பான். அவன் பெண்சாதியும் எங்கள் சங்கத்தில் உண்டு. கோலத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியை மாதம் 5-ம் தேதியும் 20-ம் தேதியும் கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. நான் போய்ப் பார்த்தேன். மே 20 என்று எழுதியிருந்தது. நாங்கள் நின்றது ஜூலையில்!

ஆகஸ்டு 15, கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. கிராம சபை என்றால் என்ன என்று கேட்கும் பட்டணத்து வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. ஓட்டர் லிஸ்டில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். 2022-லிருந்து தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை என்று ஆக்கினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் ஊர் மாதிரி மூவாயிரத்துக்குள் ஜனத்தொகை இருந்தால் நூறு பேராவது வந்திருக்க வேண்டும். அந்த நூறு பேரில் எண்பது பேர் அப்போதெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். வருவார்கள், நோட்டில் கையெழுத்தோ ரேகையோ வைப்பார்கள், தரையில் உட்காருவார்கள், போய்விடுவார்கள். நாற்காலியில் ஆண்கள். பேச்சும் அவர்களுடையதுதான். இத்தனைக்கும் எங்கள் தலைவர் ஒரு பெண். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் ஆனது. அதற்கப்புறம் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஜெயித்தவர். தலைவரம்மா மேடையில் இருப்பார். மைக் அவர் வீட்டுக்காரர் கையில் இருக்கும்.

அன்றைக்குத் தரையிலிருந்து எழுந்தேன். கால் நடுங்கியது உண்மை. ஆனால் வாய் நடுங்கவில்லை. ஏழு குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னேன். கூட்டம் அமைதியானது. அந்த அமைதி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். "டேங்கில என்ன தேதி எழுதியிருக்கு, யாராவது பாத்தீங்களா? மே 20! மூணு மாசமா கழுவாத தண்ணியை நம்ம பிள்ளைங்க குடிக்குது. மாசாமாசம் சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதில்ல?" என்றேன்.

கைதட்டினார்கள். ஆண்கள் கூடத் தட்டினார்கள்.

அவன் ஓரத்தில் மைக்செட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "கழுவினேன் அண்ணி. தேதிதான் எழுதல. பெயிண்ட் தீந்துபோச்சு, கேட்டிருக்கேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு மைக் வயரைச் சுருட்டத் தொடங்கினான். கூட்டம் இன்னும் முடியவில்லை, ஏன் சுருட்டினானோ!

மறுநாள் அவன் பெண்சாதி எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "அக்கா, சங்கத்து நோட்டில என் பேரை அடிச்சிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

டீச்சர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "தண்ணி கெட்டிருக்குன்னு தெரியும். எங்க கெட்டதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு உண்டு. எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். பரிசோதனைப் பெட்டி ஊராட்சி அலுவலக பீரோவில், பிரிக்காமல். டீச்சர் சாவி வாங்கித் திறந்தார்.

அதில் சின்னச் சின்ன பாட்டில்கள். உள்ளே மருந்து தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு. தண்ணீரைக் குறி வரைக்கும் ஊற்றி மூடி, அனலில்லாத கதகதப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். சாக்கடைக் கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். 1982-ல் குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறையாம். காமாலைக் கிருமியையே இது காட்டாது, அது வரக்கூடிய வழி திறந்திருக்கிறது என்பதைக் காட்டும். இன்னொன்று குளோரின் சோதனை. சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். டேங்கில் கலந்த குளோரின் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

டேங்க் அடியில் ஒரு பாட்டில், தெரு முனையில் ஒன்று, டீச்சர் வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று, அதைத் தாண்டி மூன்று வீடுகளில். என் அடுக்களையில்தான் பாட்டில்களை வரிசையாக வைத்தோம். மறுநாள் காலை பால் காய்ச்சப் போனபோதே பார்த்தேன். டேங்க் தண்ணீர் அப்படியே இருந்தது. தெரு முனை அப்படியே. டீச்சர் வீடு அப்படியே. எங்கள் வீட்டு பாட்டிலும் அதற்கப்புறம் உள்ள மூன்றும் மை மாதிரிக் கறுத்திருந்தன. குளோரினும் அப்படித்தான். டேங்க் அடியில் நல்ல மஞ்சள், எங்கள் வீட்டுக் குழாயில் பெயருக்குக் கூட இல்லை.

அப்படியானால் அவன் டேங்கைக் கழுவித்தான் இருக்கிறான். மருந்தும் போட்டுத்தான் இருக்கிறான்.

டீச்சர் போய் அவனைக் கூப்பிட்டார். நான் போகவில்லை, முகம் இல்லை. அவன் மண்வெட்டியோடு வந்தான். என்னைப் பார்க்காமல் டீச்சரிடம் சொன்னான்: "மோட்டார் ஓடுறப்ப குழாய்க்குள்ள இருந்து தண்ணி வெளியதான் தள்ளும் டீச்சர், ஓட்டை இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. நிறுத்தினதும் உள்ள வெற்றிடம். அப்ப ஓட்டைக்கு வெளிய என்ன நிக்குதோ அதை உள்ள உறிஞ்சும். மழைக்காலத்துல சாக்கடை நெறஞ்சு நிக்கும்ல?" நாங்கள் குழாயில் முதலில் வரும் கலங்கலை இரண்டு குடம் கீழே விட்டுவிட்டுப் பிடிப்போம். அது எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்தோமா?

டீச்சர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருபதடி தூரம். வெட்டிக்கொண்டே வந்தான். எங்கள் வாசல் சாக்கடைக்கு அடியில் மண்வெட்டி நின்றது. குனிந்து கையை விட்டு எதையோ இழுத்தான்.

கறுப்பு ஹோஸ் குழாய். நுனியை மடித்து, சைக்கிள் டியூபால் இறுகக் கட்டியிருந்தது. டியூப் இற்றுப் பிளந்து கிடந்தது. அதில் இரண்டு பஞ்சர் ஒட்டு.

அந்த ஒட்டை எனக்கு நன்றாகத் தெரியும். என் பெரியவனுடைய சைக்கிள் டியூப். குழாயில் வேகம் இல்லாத காலத்தில், வாசலில் பள்ளம் தோண்டி, தாழ்வாக ஒரு இணைப்பு எடுத்து வைத்திருந்தோம். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். 2021-ல் வீட்டுக்கு வீடு புதுக் குழாய் வந்தபோது, பழைய இணைப்பை மெயின் குழாயிலேயே அடைத்திருக்க வேண்டும். பிளம்பருக்குக் கூலி கொடுப்பானேன் என்று இவர் மடித்துக் கட்டி மண்ணைத் தள்ளிவிட்டார். "ஏதாவது ரப்பர் இருந்தா எடுத்துட்டு வா" என்று கேட்டதும், பரணிலிருந்து அந்த டியூபை எடுத்துக் கொடுத்தது நான்.

"அண்ணி, இது உங்க வீட்டுப் பழைய லைன்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றைக்கே மெயின் குழாயில் அடைத்து, தண்ணீரைத் திறந்து விட்டுக் குழாயைக் கழுவி, மருந்து போட்டான். ராத்திரி இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "அதான் அடைச்சாச்சே. டீச்சர் வெளிய சொல்ல மாட்டாங்க. தம்பியும் சொல்ல மாட்டான். நீயா போய் நாலு பேர்கிட்ட உளறி வைக்காதே. நான் தெருவுல தலை நிமிந்து நடக்க வேணாமா?"

இவரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. எனக்கும் அதே ஆசைதான். ஒரு வாரம் முழுக்க, சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணங்களாகத் தேடினேன். நிறையக் கிடைத்தன. ஆனால் சின்னவள் பத்தியச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது ஒன்றும் நிற்கவில்லை. அதோடு ஆபரேட்டர் தம்பியை எங்கள் தெருப் பிள்ளைகள் 'மே இருபது' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

செப்டம்பர் 10, இரண்டாவது சனிக்கிழமை. முதல் கொட்டையை நான்தான் போட்டேன். சொன்னேன். டியூப், பஞ்சர் ஒட்டு எல்லாம் சொன்னேன். யாரும் பேசவில்லை. பிறகு அந்தக் கிழக்குப் பக்கத்துப் பெண் தன் கொட்டையைப் போட்டாள். "எம் பிள்ளை அஞ்சு நாள் ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கிடந்தான் அக்கா. தோட்டை வச்சுப் பணம் கட்டினோம்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? என் கையில் இன்னும் இரண்டு கொட்டை இருந்தது. ஒன்றும் பேச வரவில்லை. அவள் தோட்டை மீட்கப் பாதிப் பணத்தை மூன்று தவணையில் கொடுத்தேன், அது பிற்பாடு. முதலில் வாங்க மறுத்தாள். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், நின்று பேச மாட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எதிர் வீட்டுப் பெரியம்மா ஒரு கொட்டையைப் போட்டார். "எங்க வீட்டுக் குழாயும் அப்படித்தான் கட்டிக் கிடக்கு. என் மகன்தான் கட்டினான், துணியை வச்சு" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக. பாலித்தீன் பையால் கட்டியது, மரக்கட்டை அடித்து மூடியது, ஒரு வீட்டில் வெறுமனே மண்ணைப் போட்டு மூடியது. டீச்சர் அதே நோட்டில், அதே படத்தில், இந்தத் தடவை நீலப் பேனாவால் புள்ளி வைத்தார். பதினான்கு. எங்கள் வீட்டுக் குழாய் முதலில் இற்றுப்போனது, அவ்வளவுதான். மற்ற பதின்மூன்றும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி கிராம சபை. இவர் வரவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் எழுந்ததும் போன தடவை கைதட்டியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இன்றைக்கு யாரோ என்று பார்த்திருப்பார்கள். "ஆகஸ்டு 15-ல நான் ஆபரேட்டர் தம்பியைச் சொன்னது தப்பு. டேங்க் நல்லா இருக்கு. கெட்டது எங்க வீட்டுக் குழாய்" என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒருவர் பெரிதாகச் சிரித்தார். தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சிரிப்பு நின்றது.

பதினான்கு வீட்டுப் பட்டியலையும் படித்தேன். வீட்டுக்காரர்கள் பெயரைப் படிக்கவில்லை, கதவு எண் மட்டும். பழைய இணைப்புகளை ஊராட்சி செலவில் மெயின் குழாயிலேயே அடைக்க வேண்டும், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய்க்கு வெளிக்குழாய் போட வேண்டும், மாதா மாதம் கடைசி வீட்டுத் தண்ணீரைச் சங்கத்துப் பெண்கள் சோதித்து அலுவலகச் சுவரில் எழுத வேண்டும் என்று கேட்டோம். தலைவரம்மாவின் வீட்டுக்காரர் மைக்கில், "ஆகட்டும், பாக்கலாம்" என்றார்.

டீச்சர் எங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். 'பார்க்கலாம்' என்பது காற்றில் போகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் நிற்கும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. நோட்டு வந்தது, கையெழுத்துப் போடாமல் அடுத்தவளிடம் தள்ளினோம். அவள் அடுத்தவளிடம். அது ஒரு சுற்றுச் சுற்றி வெறுமனே மேடைக்குத் திரும்பிப் போனது. தலைவரம்மா சிறிது நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயலரிடம், "அவங்க சொன்னதை எழுதுங்க சார். எழுதிட்டு எங்கிட்ட குடுங்க, நான் படிக்கிறேன்" என்றார். மைக்கைக் கேட்டு வாங்கவில்லை. மைக் இல்லாமலேயே படித்தார். கேட்டது.

பதினான்கில் பதினொன்று தீபாவளிக்குள் அடைபட்டது. மூன்று வீட்டார் வாசலை வெட்ட விடமாட்டோம் என்று பொங்கல் வரை இழுத்தார்கள். நவம்பர் 1 கிராம சபையில் முந்தின தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, மிச்சம் மூன்று எது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதுவும் ஒரு வசதிதான்! 2025 ஜனவரியில் தலைவரம்மாவின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் தண்ணீரைச் சோதித்துச் சுவரில் எழுதத்தான் செய்தோம். பாட்டில் தீர்ந்துபோன மாதங்களில் 'பாட்டில் இல்லை' என்று எழுதினோம். அப்படி எழுதினால் அடுத்த வாரமே வந்துவிடும்.

நீங்கள் புது வீட்டு இணைப்பு வாங்கியிருந்தால், பழைய குழாயை எங்கே எப்படி மூடினார்கள் என்று ஒரு தரம் வீட்டில் கேட்டுப் பாருங்கள். குழாய் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்தால் கீழே விட்டதோடு மறந்துவிடாதீர்கள், அடுத்த வீட்டிலும் அப்படி வருகிறதா என்று விசாரியுங்கள்.

ஆபரேட்டர் தம்பி இப்போது பழையபடி அண்ணி என்கிறான். அக்டோபர் கூட்டம் முடிந்த மறுநாளே நான் கும்பகோணம் போய் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். டேங்கில் தேதி தவறாமல் மாறுகிறது.

அவன் பெண்சாதிதான் வரவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன், இரண்டு முறை. "பாக்கலாம் அக்கா" என்றாள். அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா! நவம்பர் கூட்டத்துக்கு வந்து, வாசற்படியை ஒட்டி உட்கார்ந்தாள். டீச்சர் மூன்று கொட்டையைக் கொடுத்தார். கூட்டம் முடிந்தபோது மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். விதியை மீறியதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் அந்த முடிச்சை அவிழ்த்து ஒன்றைப் போட்டாள். தெருக்கோடி விளக்கு எரியவில்லை, பெரியம்மா போன வருஷமே சொன்னதை ஏன் இன்னும் யாரும் தீர்மானத்தில் ஏற்றவில்லை என்று கேட்டாள். கேட்கும்போது என்னைத்தான் பார்த்தாள்.